"அனுபவம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

ஊரில் ஆங்கிலப் பாட ஆசிரியராக இருப்பவனுக்குப் பாடசாலை மணியோடு வேலை முடிவதில்லை. விசாப் படிவம், வங்கிக் கடிதம், ஏஜென்சிக்காரர் அனுப்பிய ஒப்பந்தம், கொழும்பு ஆஸ்பத்திரி ரிப்போட் என்று எல்லாம் அஸருக்குப் பிறகு வீட்டு விறாந்தைக்கு வந்து சேரும். ஆசிரியர் கலாசாலையில் இருந்த இரண்டு வருடமும் பாடக்குறிப்பு எழுதுவது எப்படி என்று கை நோக எழுத வைத்தார்கள். சீவி எழுதுவது பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. ஆனால் இந்தப் பத்து வருடத்தில் பாடக்குறிப்புக்கு அடுத்தபடியாக நான் அதிகம் எழுதியது அடுத்தவர்களின் சீவிகளைத்தான்.

கட்டாருக்குப் போகும் பொடியனின் சீவி அரை மணித்தியால வேலை. ஓ.எல் ரிசல்ட், ஏ.எல் ரிசல்ட், ஒரு கம்பியூட்டர் கோர்ஸ், மச்சானின் கடையில் இரண்டு வருடம். முடிந்தது. எழுதக் கஷ்டமானது, ஒரு காலத்தில் துப்பாக்கி தூக்கியவர்களின் சீவி. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெயர், விலாசம், பிள்ளைகள் எல்லாம் மடமடவென்று சொல்வார்கள். "அனுபவம்" என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். ஒருவர் "ஆமி" என்பார். ஒருவர் "ஹோம்காட்" என்பார். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் நிலத்தைப் பார்ப்பார். அதிலேயே நமக்கு விளங்கிவிடும்.

அம்பாறை மாவட்டத்தின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இது புதினமில்லை. மேற்கே உள்ளே போனால் சிங்களக் கிராமங்கள். அங்கே தெருவுக்கு நாலு பேராவது படையில் இருந்து வந்தவர்கள். கரையோரத்தில் எங்கள் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி வரும். எங்கள் ஊர்களில் ஹோம்காட்டாக இருந்தவர்கள், தமிழ் ஊர்களில் இயக்கத்தில் இருந்தவர்கள். ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்த மூன்று தரப்பும் இன்று ஒரே வேலையைத் தேடி அலைகிறார்கள். செக்கியூரிட்டி வேலை.

இந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. ஹலாலான உழைப்பு. ஆனால் நாற்பது வயது மனிதனை சுப்பர்மார்க்கட் வாசலில் 12 மணித்தியாலம் நிற்கவைத்து, வருகிறவர் போகிறவருக்குக் கதவு திறக்கவைத்து, "படையில் இருந்தவருக்கு வேலை கொடுத்தோம்" என்று கணக்குக் காட்டுவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவருக்குப் பென்சன் இருக்கிறது என்பது கம்பனிக்குத் தெரியும். அதனால் சம்பளத்தைக் குறைத்துப் பேசலாம். அவர் கட்டளைக்குப் பணிந்து பழகியவர் என்பதும் தெரியும். அதனால் இரவு ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால் அவரையே தொடர்ந்து நிற்கச் சொல்லலாம். அவருக்கு வேறு என்ன தெரியும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இது ஒரு சிலரின் கதையுமில்லை. 2023 தொடக்கத்தில் இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணி 200,783 ஆக இருந்தது. அதை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. நாடு வங்குரோத்தான நேரம், செலவைக் குறைத்தேயாக வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 18 வயதில் ஓ.எல்லோடு சேர்ந்த ஒருவர் 22 வருட சேவை முடித்துப் பென்சனோடு வெளியே வரும்போது அவருக்கு வயது 40. மூத்த பிள்ளை அப்போதுதான் ஓ.எல் எழுதும், இளையது ஸ்கொலஷிப் எழுதும். செலவு உச்சத்தில் நிற்கும் வயதில் மனிதனுக்கு ஓய்வு கொடுத்து அனுப்புகிறோம்.

இனி நான் சொல்லப்போகிற ஆட்களை இனங்காண முடியாதபடி விபரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். யாரும் கொமண்டில் வந்து "இது இன்னாரா" என்று கேட்க வேண்டாம்.

முதலாமவர் உள்ளூர்ப் பக்கத்துச் சிங்களவர். நான் அவரை "அய்யா" என்றுதான் கூப்பிடுவேன். சிங்களத்தில் அண்ணன். எங்கள் ஊர் வயல்காரர் ஒருவர் கூட்டி வந்தார். கொழும்பில் ஒரு கட்டட வாசலில் எட்டு மாதம் நின்றுவிட்டு, முழங்கால் வீங்கி, வேலையை விட்டு வந்திருந்தார். வெளிநாடு போக ஆங்கிலத்தில் சீவி வேண்டும் என்றார். படையிலிருந்து வெளியேறும்போது கிடைத்த கடிதங்களை ஒரு பைலில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். இலக்கம், படையணி, பதவிநிலை, சேவைக்காலம், நன்னடத்தை. அந்தக் கடிதங்களை முழுதாக வாசித்தும் இந்த மனிதர் 22 வருடம் காலை எழும்பி என்ன வேலை செய்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அதையே கேட்டேன். "அய்யா, சண்டை இல்லாத ஒரு நாளில், காலையில் எழும்பினால் என்ன செய்வீர்கள்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார். அவர் இருந்தது மின்னியல், இயந்திரப் பொறியியல் படையணியில். வாகனம் திருத்துகிறவர். பஃபல் கவச வாகனம் இருக்கிறதல்லவா, கிழக்கில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர் எவருக்கும் அந்தச் சத்தம் மறக்காது. தூரத்தில் அது உறுமி வரும்போதே நாங்கள் மதிலுக்குப் பின்னால் ஒளிந்துவிடுவோம். இந்த மனிதர் அதே பஃபலுக்கு அடியில் படுத்துக் கியர்பொக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார். உதிரிப்பாகம் வராத மாதங்களில் பழுதான மூன்று வண்டியை உடைத்து ஒன்றை ஓடவைத்த கதையைச் சொன்னார். கடைசி ஆறு வருடம் அவருக்குக் கீழே ஏழு பேர். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குவதும், உதிரிப்பாகப் பதிவேட்டை வைத்திருப்பதும், வண்டி வெளியே போகுமுன் பரிசோதித்துக் கையெழுத்து வைப்பதும் அவர்தான்.

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கனரக டீசல் வாகனங்கள் திருத்துவதில் 20 வருடத்துக்கு மேல். ஏழு பேர் கொண்ட குழுவின் மேற்பார்வை. களஞ்சியப் பதிவேடு. பயிற்சி அளித்தல். வாசித்துக் காட்டியபோது, "சேர், இது நானா?" என்று கேட்டார். ஒரு வரி கூட நான் கூட்டி எழுதவில்லை.

படையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படைப்பெயர் உண்டு. அந்தப் பெயருக்குள் அந்த வேலை ஒளிந்துகொள்கிறது. வெளியே உள்ள முதலாளிக்குப் படைப்பெயர் விளங்காது. அவருக்கு விளங்குவது "டீசல் மெக்கானிக்" என்ற சொல். சமையற்கூடத்தில் இருந்தவர் தினம் முந்நூறு பேருக்குச் சோறு போட்டிருப்பார், ஆனால் கேட்டால் "ஆமி" என்பார். ரேடியோ பார்த்தவரும் "ஆமி"தான், பாலம் கட்டியவரும் "ஆமி"தான். இந்த ஒரு சொல்லைப் பிரித்து எழுத ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து கதை கேட்க ஆள் வேண்டும். நம்மிடம் குறைவாக இருப்பது அந்த ஒரு மணித்தியாலம்தான் என்று எனக்குப் படுகிறது.

சீவியைக் கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவி வந்தார், தனியாக. கையில் அவருடைய போன். அதில் ஒரு ஒப்பந்தத்தின் படம். "சேர், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். பார்த்தால் அது ஆங்கிலமே இல்லை. ரஷ்ய எழுத்து. கூடப் படையில் இருந்த ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பியது. சண்டைக்கில்லை, பின்தளத்தில் வாகனம் திருத்தும் வேலை, சம்பளம் பென்சனைப் போல் பல மடங்கு, போனதும் குடியுரிமை.

அப்போது பத்திரிகைகளில் இந்தக் கதை வரத் தொடங்கியிருந்த நேரம். ரஷ்ய-உக்ரைன் போருக்குப் போன ஓய்வுபெற்ற படையினர் 288 பேர் பற்றித் தகவல் கிடைத்திருக்கிறது, 16 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2024 மே மாதம் அரசாங்கமே சொன்னது. அடுத்த வருடம் வெளிவிவகார அமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கில், ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், இறந்தவர்கள் 59 பேர். "பின்தளத்தில் வேலை" என்று நம்பிப் போனவர்கள் பலர் பதுங்குகுழியில் கிடந்தார்கள்.

மூன்று பிள்ளைகளின் தாய். விறாந்தையில் கதிரை இருந்தும் நின்றுகொண்டே பேசினார். "ஒரு போர் முடிந்து உயிரோடு வந்தவர், இன்னொருவனுடைய போருக்குப் போகப் பார்க்கிறார்" என்றார். நான் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: வீட்டில் ஒருவராலும் வாசிக்க முடியாத பத்திரத்தில் கையெழுத்து வைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். பாஸ்போட்டை எங்கே வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே, அது தன் தம்பி வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகாதே என்று சொல்லி மனிதரை நிறுத்த முடியாது. போகாமல் என்ன செய்வது என்பதற்கு ஒரு பதில் வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு வழி நம் நாட்டில் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் தேசிய தொழிற்றகைமை என்று ஒன்று உண்டு. என்.வி.கியூ என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஏழு மட்டங்கள். இதை எடுக்கக் கட்டாயம் வகுப்புக்குப் போக வேண்டும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வேலையைச் செய்தே பழகியவருக்கு "முன்கற்றல் அங்கீகாரம்" என்று தனிப்பாதை இருக்கிறது. செய்த வேலைக்கான சான்றுகளைச் சேர்த்து விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் நேரில் வேலையைச் செய்ய வைத்துப் பார்ப்பார், கேள்வி கேட்பார், தகுதி இருந்தால் சான்றிதழ். பொறுப்பான நிறுவனங்களில் ஒன்று நைட்டா.

அய்யாவுக்கு இதைச் சொன்னபோது முகம் மாறியது. "நாற்பத்திரண்டு வயதில் எனக்குச் சோதனையா?" அவருடைய கோபம் எனக்கு விளங்கியது. 22 வருடம் வேலை செய்தவரிடம் வேலை தெரியுமா என்று கேட்கிறோம். ஆனால் முதலாளி கேட்பது அந்தக் கடதாசியைத்தான். சான்றுகளைச் சேர்ப்பதுதான் இழுபறியாகிவிட்டது. என்ன வேலை செய்தார் என்று விபரமாக ஒரு கடிதம் வாங்க ஒரு அலுவலகத்துக்கு நாலு தடவை போனார். ஒவ்வொரு முறையும் பழைய நன்னடத்தைக் கடிதத்தையே புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் தடவை நான் ஆங்கிலத்தில் ஒரு மாதிரிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், இந்த மாதிரி வேண்டும் என்று. அது வேலை செய்தது. அலுவலகங்களில் மாதிரி இருந்தால் கை தானாக எழுதும்.

நாலாம் மட்டம் கிடைத்தது. இப்போது எங்கள் பக்க வயல்களில் நெல் வெட்டும் மெசின்களைத் திருத்துகிறார். வெட்டு நேரத்தில் மெசின் நடு வயலில் நின்றால் அந்த ஒரு நாள் எவ்வளவு நட்டம் என்று வயல்காரர்களுக்குத் தெரியும். இரவு ஒரு மணிக்கும் கோல் பண்ணுகிறார்கள், டோர்ச்சோடு வருகிறார். போகம் இல்லாத மாதங்களில் உழவு மெசின், பவுசர் என்று ஏதாவது வரும். வருமானம் ஒரே அளவில் இல்லை, சில மாதம் கையைக் கடிக்கிறது. வங்கிக் கடன் எடுத்து ஒரு சிறிய கராஜ் போட வேண்டும் என்கிறார். பிணையாளர் ஒருவர் எங்கள் ஊர்க்காரர், மற்றவரைத் தேடுகிறார்.

அடுத்தது என் சொந்தக் குடும்பம்.

1990இல் உம்மாவின் மூத்த காக்கா, எனக்குப் பெரிய மாமா, வயலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த வருடம் ஓகஸ்டில் கிழக்கில் நடந்தவற்றை நான் இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. காத்தான்குடியும் ஏறாவூரும் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் சின்ன மாமா ஹோம்காட்டில் சேர்ந்தார். இருபது வயது. ஒரு ஷொட்கன், கொஞ்சம் தோட்டா, ஊர் எல்லையில் மண்மூட்டைக் காவலரண். 2006இல் அந்தப் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆனபோது அவரும் அதற்குள் போனார். எங்களுக்கு அவர் காவல். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஹோம்காட்களின் துப்பாக்கி எல்லா நேரமும் காவலுக்கு மட்டும் பயன்படவில்லை. பக்கத்துத் தமிழ் ஊர்களில் கேட்டால் அவர்களிடமும் பெயர்களும் திகதிகளும் இருக்கின்றன.

போர் முடிந்த பிறகு இவர்களை என்ன செய்வது என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. புல்லு வெட்டினார்கள், கான் துப்புரவாக்கினார்கள், கட்டட வேலைக்குச் சுமந்தார்கள், அலுவலக வாசலில் இருந்தார்கள். மாமா அந்த வருடங்களில் மெலிந்து போனார். "சும்மா இரிக்கிறதுக்குச் சம்பளம் தாறாங்க மகன்" என்பார். அதைச் சந்தோசமாகச் சொல்லவில்லை. பிறகு யானைவேலிக்கு விட்டார்கள்.

நாட்டில் ஒவ்வொரு வருடமும் நூறு பேருக்கு மேல் யானை தாக்கி இறக்கிறார்கள். அம்பாறை வயல்காரருக்கு இது செய்தியில்லை, வீட்டு விசயம். மின்வேலி என்பது கம்பியை இழுத்துவிட்டுப் போகும் காரியமில்லை. ஒரு கொடி படர்ந்து கம்பியில் தொட்டால் மின் கசிந்துவிடும். யானை கம்பியைத் தொடாமல் மரத்தை முறித்து வேலிமேல் போட்டுவிட்டு வரும். தினம் நடந்து பார்க்க வேண்டும். மாமா பதினைந்து வருடம் இரவில் நடந்த அதே எல்லை. எந்த இடத்தில் ஓடை வற்றும், எந்த இடத்தில் கால்தடம் விழும் எல்லாம் பாடம். அன்று இருட்டில் ஒரு கிளை முறிந்தால் மனிதனா மிருகமா என்று காது கொடுத்துக் கேட்டவர், இப்போது குட்டியோடு வந்திருக்கிறதா தனியன் யானையா என்று சொல்கிறார். வயல்காரர்கள் மாலையில் அவருக்குத்தான் கோல் பண்ணுவார்கள், இன்றைக்குக் காவலுக்குப் போகலாமா என்று கேட்க. அவர் சொன்னால் போவார்கள், வேண்டாம் என்றால் நிற்பார்கள். ஒரு மனிதனுக்குச் சம்பளத்துக்கு மேல் இன்னும் என்ன வேண்டும்?

இதுவும் காவல் வேலைதான். சுப்பர்மார்க்கட் வாசலில் நிற்பதும் காவல் வேலைதான். முன்னதில் அவருக்குத் தெரிந்தது தேவைப்படுகிறது, பின்னதில் அவருடைய உடம்பு மட்டும் தேவைப்படுகிறது.

இந்தத் திணைக்களம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஆசிரியன் என்பதால் என்னை உறுத்துவது. வன்னியில் போருக்குப் பிறகு பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் இந்தத் திணைக்களத்தின் சம்பளத்தில் பலர் வேலை செய்தார்கள். அவர்களில் புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். மாகாணசபை முன்பள்ளி ஆசிரியைக்குக் கொடுத்ததைப் போல் பல மடங்கு சம்பளம். பாலர் பாடசாலை ஆசிரியைக்குப் பாதுகாப்பு அமைச்சு சம்பளம் கொடுப்பது சரியில்லை என்று விமர்சித்தவர்கள் பக்கம்தான் நானும். அது கல்வியின் பொறுப்பு. ஆனால் அந்தச் சம்பளத்தில் வீடு நடத்திய பெண்ணிடம் போய் "விட்டுவிடு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாதம் முடிய நிச்சயமாக வரும் சம்பளம் என்பதை அதற்கு முன் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

2009க்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்கு மேசன், தச்சு, தையல், மோட்டார் திருத்தம் என்று பயிற்சிகள் நடந்தன, கையில் ஒரு சான்றிதழும் இருந்தது. அந்தச் சான்றிதழைக் காட்டினால் வேலை கிடைக்குமா, போய்விடுமா என்பது வேறு கதை. நான் சொல்லப்போகிறவர் அந்தக் கணக்கிலும் இல்லாதவர்.

என் சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை வருகிறாள். அவளை விட்டுவிட்டுத் தாய் விறாந்தை வாங்கில் இருப்பார். வகுப்பு முடியும்வரை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அக்கா என்றுதான் பேசுவேன். ஒரு நாள் மகளின் பயிற்சிப் புத்தகத்தில் பென்சிலால் வேறு ஒரு கையெழுத்தில் விடைகள். கேட்டேன். மகள் சிரித்தாள். "அம்மாவும் எழுதிப் பாக்கிறா சேர்."

ஓ.எல் எழுத வேண்டும் என்றார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எந்த வயதிலும் எழுதலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏன் இந்த வயதில் என்று கேட்டதற்கு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்குப் போனபோது ஓ.எல் இல்லை என்று திருப்பி அனுப்பியதைச் சொன்னார். ஏன் அப்போது எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். 2001இல் பதினைந்து வயது. டியூசன் முடிந்து வரும்போது பிடித்துக்கொண்டு போனார்கள். காயப்பட்டவர்களைப் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். 2004இல் கருணா பிரிந்து, ஏப்ரலில் சண்டை வந்து, கிழக்கில் இருந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்படியே நடந்து வந்தாராம். ஒரு கடதாசி இல்லை, ஒரு பதிவு இல்லை, ஒரு பயிற்சி இல்லை.

வகுப்பு முடிந்து அவர்கள் போன பிறகு உம்மாவிடம் சொன்னேன். மறைக்க விருப்பமில்லை, உம்மாவின் வீடு அது. பெரிய மாமாவைத் தேடி அந்த நாளில் உம்மா மூன்று நாள் ரோட்டில் நின்றதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நிறுத்தவில்லை.

"எத்தின வயசுல புடிச்சாங்களாம்?"

"பதினஞ்சு."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவட அம்மாவும் அண்டைக்கு ரோட்டுலதான் நிண்டிரிப்பா" என்றா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு உம்மா அவருடன் போய்ப் பேசியதும் இல்லை, வரவேண்டாம் என்று சொன்னதும் இல்லை. சனிக்கிழமைகளில் உம்மா பின்கட்டிலேயே இருந்துவிடுவா.

அக்காவின் சீவியை எழுத உட்கார்ந்தபோது அய்யாவிடம் கேட்ட கேள்வியை இவரிடம் கேட்க முடியவில்லை. படையில் 22 வருடம் இருந்தவர் அதை விரித்து எழுதினால் வேலை கிடைக்கும். இவர் மூன்று வருடத்தை எழுதினால் இருக்கிற நிம்மதியும் போகும். வென்ற பக்கத்தில் இருந்தவருடைய வருடங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. தோற்ற பக்கத்தில் இருந்தவருடைய வருடங்கள் வெற்றிடம். இவர் பதினைந்து வயதில் விரும்பிப் போனவரும் இல்லை. பொய் எழுத நான் சம்மதிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதனால் இன்றிலிருந்து பின்னோக்கிக் கேட்டேன். இப்போது ஊரில் யாருக்கு என்ன செய்கிறீர்கள்? வாதத்தில் விழுந்த மாமியாரை நாலு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறார், முதுகில் ஒரு படுக்கைப்புண் வராமல். தெருவில் சீனி வருத்தக்காரர் மூன்று பேருக்குக் காலில் புண், ஒருநாள் விட்டு ஒருநாள் இவர்தான் மருந்து கட்டுகிறார். எந்தப் புண்ணைத் தன்னால் பார்க்க முடியும், எதை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரியும். பதினாறு வயதில் எங்கே எப்படிப் பழகிய கை என்று எழுதத் தேவையில்லை. இந்த நாலு வருடமும் இந்த மூன்று வீடுகளும் போதும். அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் தெரிந்ததை எழுதிக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறா. பராமரிப்பாளர் வேலைக்கும் என்.வி.கியூ இருக்கிறது. வயதானவர்களைப் பார்க்க ஆள் கிடைக்காமல் இன்று எத்தனை வீடுகள் தவிக்கின்றன, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் தெரியும்.

இந்த விசயத்தை எழுதக் காரணம், போன மாதம் ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர், "துவக்குத் தூக்கினவனுக்கு வேற வேல சரிவராது" என்று சொன்னதும் எல்லாரும் தலையாட்டியதும்தான். நான் விறாந்தையில் பார்த்தவரையில் அவர்கள் துப்பாக்கி தூக்கிய நேரத்தைவிட கியர்பொக்ஸ் தூக்கிய நேரமும், சேலைன் போத்தல் தூக்கிய நேரமும், இருட்டில் நடந்த நேரமும் அதிகம்.

சரி, இனி உதவி. தமிழ் மொழி மூலம் பராமரிப்பாளர் பயிற்சி கிழக்கில் எங்கே, அடுத்த பிரிவு எப்போது என்று தெரிந்தவர்கள் கொமண்டில் எழுதுங்கள். ஓ.எல் இல்லாமல் எடுப்பார்களா என்பதையும் சேர்த்து. நெல் வெட்டும் மெசின் வைத்திருக்கும் வயல்கார நண்பர்கள், போகத்துக்கு முன் சேவிஸ் பண்ண ஆள் வேண்டுமென்றால் இன்பொக்ஸ் வாருங்கள், நம்பர் தருகிறேன். அய்யாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான், ஆனால் மெசினைப் பற்றிப் பேசினால் பிரச்சினையில்லை.

அக்கா இப்போது வாங்கில் இருப்பதில்லை, மகளுக்குப் பின் வரிசையில் இருக்கிறார். வருகிற சோதனைக்கு இருவரும் விண்ணப்பித்திருக்கிறார்கள். மகள் ஏ எடுப்பாள். தாய்க்கு இறந்தகால வினை இன்னும் குழப்புகிறது, இந்தச் சனிக்கிழமை அதைத்தான் திரும்ப எடுக்கப்போகிறேன்.